நொண்டல் நின்றதும் நுகத்தடி பூட்டலாமா?

நம்ம இயக்கக் கூட்டங்களில் சாப்பாட்டு வேளையில் என்னிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று உழவுக்கு வந்தவன், கூடவே ஒரு சோடி காங்கேயம் எருது வைத்திருப்பவன் என்பதால் கேட்கிறார்கள். முதல் கேள்வி: "எருது காலைத் தாங்குதுங்க, வித்துப்போடலாமா?" இரண்டாவது: "நொண்டல் நின்னுபோச்சுங்க, நாளைக்கு ஏர் பூட்டலாமா?"

கேட்க இரண்டும் எதிரெதிராகத் தெரியும். ஒன்று நம்பிக்கை விட்டுப்போன கேள்வி, மற்றது அவசரப்படும் கேள்வி. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மாட்டுக்கு இரண்டே நிலை என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம்: ஒன்று உழும், இல்லாவிட்டால் உழாது. நடுவில் எட்டு வாரமோ பத்து வாரமோ மெல்ல மெல்லத் திரும்பி வரும் ஒரு காலம் உண்டு என்பதை நாம் கணக்கில் வைப்பதே இல்லை. அந்தக் காலத்தைக் கொடுக்காததால்தான் நல்ல எருதுகள் சந்தைக்குப் போய்விடுகின்றன. இந்தக் கட்டுரை அந்தப் பத்து வாரத்துக்காகப் பேசுவது.

வங்கிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக் கடனோ தொழில் கடனோ வாங்கியவர் 90 நாள் தவணை கட்டாவிட்டால் அந்தக் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்துவோம். ஆனால் குறுகிய காலப் பயிருக்குக் கடன் வாங்கிய விவசாயிக்கு அப்படி இல்லை. கெடு முடிந்து இரண்டு பயிர்ப் பருவம் கடந்த பிறகுதான் அந்தப் பெயர். வெள்ளம், வறட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் கடனைத் திருத்தியமைத்து, குறைந்தது ஒரு வருடம் தவணை கேட்காமல் இருக்கவும் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலில் இடம் இருந்தது. கல் நெஞ்சு என்று நாம் திட்டுகிற வங்கியே, விழுந்த விவசாயி எழுந்திருக்க அவகாசம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. நமக்காகப் பாடுபட்ட எருதுக்கு நாம் பத்து வாரம் தர மாட்டோமா?

திருத்தியமைத்த கடனில் இன்னொரு விஷயமும் உண்டு. அவகாசம் முடிந்த மறுமாதமே பழைய பாக்கி முழுவதையும் ஒரே தவணையில் கட்டு என்றால் அந்தக் கணக்கு திரும்பவும் விழும். சின்னத் தவணையில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். எருதுக்கும் அதே நியாயம்தான்.

முதலில் ஏன் என்று பாருங்க

"நொண்டுது" என்பது நோயின் பெயர் கிடையாது, அறிகுறி. காரணம் தெரியாமல் ஓய்வு கொடுப்பதும், காரணம் தெரியாமல் வேலை வாங்குவதும் ஒன்றுதான்.

பெரும்பாலும் கோளாறு குளம்பில்தான் இருக்கும். கருவேல முள், கண்ணாடிச் சில்லு, கூர்க்கல் இதெல்லாம் குளம்பின் அடியில் ஏறி, உள்ளே சீழ் கோத்துக்கொள்ளும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். லாட ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளி இறங்கினாலும் இதே கதை. ஈரத்திலும் சாணியிலும் நின்றால் குளம்பிடுக்கு அழுகும். கோமாரி வந்துபோன மாட்டுக்குக் குளம்புப் புண் நாள்பட நிற்கும். மழைக்காலத்தில் கொசு மாதிரி பூச்சிகளால் பரவும் மூன்று நாள் காய்ச்சலில் இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறும். சில எருதுகளுக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு மேலே மாட்டிக்கொண்டு, கால் பின்னால் விறைத்து, பிறகு வெடுக்கென்று சுண்டி இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு "வாதம் வந்துடுச்சு, இனி அவ்வளவுதான்" என்று விற்றவர்கள் உண்டு. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஒரு தசைநாரை வெட்டிவிடும் சின்ன அறுவையில் பெரும்பாலான மாடுகளுக்கு அது சரியாகிவிடும். கால்நடை மருத்துவர்கள் வெகுகாலமாகச் செய்து வருவதுதான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரென்று நொண்டல், கூடவே கடும் காய்ச்சல், தொடையிலோ தோளிலோ வீக்கம், அமுக்கினால் உள்ளே நறநறவென்று சத்தம் என்றால் அது சப்பை நோயாக இருக்கலாம். அங்கே ஓய்வு, மூலிகை என்று பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அந்த மணி நேரமே மருத்துவரைக் கூப்பிடுங்க. 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

மற்ற வேளையில் காலைத் தூக்கிப் பாருங்க. கழுவுங்க, இரண்டு குளம்புக்கும் நடுவில் விரல் விட்டுப் பாருங்க, எந்தக் குளம்பு மற்றதைவிடச் சூடாக இருக்கிறது என்று புறங்கையால் தொட்டுப் பாருங்க. பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கத் தவறாத நாம் வருஷத்தில் எத்தனை நாள் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம்? மாடு நிற்பது கொம்பில் இல்லை.

குளம்புப் புண்ணுக்கு நம்ம வட்டாரத்தில் பலரும் பயன்படுத்தும் எண்ணெய் ஒன்று உண்டு. பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் மரபு வழிக் கால்நடை வைத்தியத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் பரவியது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவித் துடைத்த பிறகு தடவ வேண்டும். மேல்புண்ணுக்கு நல்ல மருந்து. ஆனால் உள்ளே சீழ் கட்டிய குளம்புக்கு மேலே எண்ணெய் பூசிப் பயனில்லை. அதை மருத்துவர் திறந்து சீழை வடித்தாக வேண்டும். இயற்கை வழி என்பது வலியோடு மாட்டை நிற்க வைப்பது இல்லை.

நொண்டல் நிற்பது வேறு, குணமாவது வேறு

இதுதான் என் கட்டுரையின் மையம். நொண்டல் நின்றது என்றால் வலி குறைந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அடிபட்ட இடம் பழைய பலத்துக்கு வந்துவிட்டது என்று பொருள் இல்லை.

மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லி மீட்டர்தான் வளரும். சீழை வடிக்க அடிக்குளம்பில் தோண்டிய இடம் மூடிக் கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். மேலே மெல்லிய தோல் மாதிரி மூடியதுமே மாடு நன்றாக நடக்கத் தொடங்கிவிடும். அந்த நாளில் கட்டிக்காட்டில் ஏர் பூட்டினால் மறுபடியும் ஒரு சின்னக் கல் போதும். சதைப் பிடிப்பு என்றால் சில வாரங்களில் ஆறும். நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் அறுந்தாலோ பிரிந்தாலோ மாதக்கணக்கு.

அடிபடாத இடமும் ஓய்வில் மாறிப்போகும். ஒரு மாதம் கட்டுத்தரையில் நின்ற எருதின் இடுப்புச் சதை வற்றும். மூச்சுத் தம் குறையும். கழுத்துத் தோல் இளகிவிடும். நுகத்தடி உரசி உரசிக் காய்ப்பு ஏறிய கழுத்து அது. அந்தக் காய்ப்பு போன பிறகு முதல் நாளே முழு உழவு உழுதால் கால் தப்பித்தாலும் கழுத்துப் புண் வரும். பிறகு அதற்கு ஒரு மாதம்.

மூன்று நாள் காய்ச்சலில் எழுந்த மாட்டை நாலாம் நாள் பூட்டினால் திரும்பப் படுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கோமாரியிலிருந்து மீண்ட சில மாடுகள் வெயிலில் நாய் மாதிரி இரைக்கும். கால் ஆறினாலும் அந்த இரைப்பு இருக்கும்வரை வெயில் வேலை கூடாது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. அதைத் தவறவிடாமல் போட்டுக்கொள்வது இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையையும்விட மலிவானது.

வலி ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்ட மறுநாள் மாடு துள்ளி நடக்கும். அது ஊசியின் நடை, மாட்டின் நடை இல்லை. மருந்தின் வேகம் முழுசாக இறங்கிய பிறகு எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என்ன ஊசி என்றும் கேளுங்க. டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் இரண்டும் அதே பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுக்குப் பாதகம் இல்லாதது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் மிச்சம் இருக்கும் பாறுகளுக்கும் நம்ம கட்டுத்தரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. மண்ணுக்கு நஞ்சு போடாதவர்கள் வானத்துக்கும் போடக்கூடாது.

குதிரைக்காரர்களிடம் கற்க வேண்டியது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே மாடும் வரும், குதிரையும் வரும். மாடு வாங்குகிறவர் சுழி பார்ப்பார், பல் பிடித்துப் பார்ப்பார், திமில் பார்ப்பார். குதிரை வாங்குகிறவர் முதலில் நடத்திக் காட்டச் சொல்வார், பிறகு ஓட்டிக் காட்டச் சொல்வார். குதிரையின் மதிப்பு காலில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கால் கெட்ட குதிரையைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவருவதற்குக் குதிரைக்காரர்களிடம் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒழுங்கு இருக்கிறது. முதலில் கையில் பிடித்து நடை, அதுவும் சமதரையில், நேர்கோட்டில். பல நாள் கழித்து ஆள் ஏறி நடை. அப்புறம் மெல்லோட்டம், அதுவும் சில நிமிடம். வட்டம் சுற்றுவது, மேடு ஏறுவது, பாய்ச்சல் எல்லாம் கடைசியில். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை சோதித்துவிட்டுத்தான் அடுத்த படி. லட்சக்கணக்கில் விலை போகும் பந்தயக் குதிரைக்கு மட்டுமான சொகுசு இல்லை இது. எலும்பும் சதையும் பலப்படும் விதம் அப்படித்தான் இருக்கிறது. குதிரைக்கு ஒரு நியாயம், எருதுக்கு ஒரு நியாயம் என்று உடம்பு பார்ப்பதில்லை.

அவர்கள் நொண்டலைக் கண்டுபிடிக்கும் வழியும் எருதுக்குப் பொருந்தும். எதிரே நின்று வரச்சொல்லிப் பாருங்க. நோகும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்க, நோகும் பக்கம் இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். கறவை மாடுகளுக்கு முதுகைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையும் உண்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் 1. நிற்கும்போது நேர், நடக்கும்போது மட்டும் வளைந்தால் 2. இரண்டு நிலையிலும் வளைந்து, அடி குறுகினால் 3. ஒரு காலைத் தாங்கி எண்ணி எண்ணி வைத்தால் 4. ஊன்றவே முடியாவிட்டால் 5. எருதுக்கும் இதைப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்க. 2 இருக்கும்வரை நுகத்தடியைத் தொடாதீங்க. நொண்டல் நின்றது என்று நாம் சொல்லும் பல மாடுகள் உண்மையில் 2-ல்தான் நிற்கும்.

ஒரு ஏக்கர் உழவு எத்தனை கிலோ மீட்டர்?

இதை யாரிடம் கேட்டாலும் யோசிக்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சால் அகலம் அரை அடி, அதாவது 15 சென்டி மீட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரு உழவு உழுது முடிக்க எருது நடக்கும் தூரம் 27 கிலோ மீட்டர். திரும்பும் தூரம் தனி. காலை 6 மணிக்குப் பூட்டி 11 மணிக்கு அவிழ்த்து அரை ஏக்கர் உழுதால் பதின்மூன்றரை கிலோ மீட்டர். மணிக்கு 10 சென்ட், 2.7 கிலோ மீட்டர். அதே ஏக்கரில் ஒன்றரை அடி இடைவெளிப் பயிரில் வரிசைக்கு ஒரு சால் ஊடுழவு ஓட்டினால் 9 கிலோ மீட்டர்தான், அதுவும் மேலாக.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், "சும்மா ஒரு அரை நாள் பூட்டிப் பார்ப்போம்" என்று சொல்கிறவர் ஒரு மாதம் கட்டுத்தரையில் நின்ற மாட்டைப் பதின்மூன்று கிலோ மீட்டர் இழுக்கச் சொல்கிறார். கட்டிலில் ஒரு மாதம் கிடந்து எழுந்த மனுஷனைத் தலையில் மூட்டையோடு காங்கேயத்திலிருந்து வெள்ளகோயில் பாதைக்கு அனுப்புவது போலத்தான்.

நான் கடைப்பிடிக்கும் அட்டவணை கீழே. எங்கள் எருது ஒன்றுக்குப் பின்னங்குளம்பில் முள் ஏறிச் சீழ் பிடித்து, மருத்துவர் திறந்துவிட்டபோது அவரோடு உட்கார்ந்து போட்டது. புண் மூடி, மருத்துவர் சரி என்று சொன்ன நாளிலிருந்து வாரத்தை எண்ண வேண்டும். தசைநார், மூட்டுக் கோளாறு என்றால் இதைவிட நீளும்.

முதல் இரண்டு வாரம்: கயிற்றைக் கையில் பிடித்து நடை மட்டும். மண் தரையில் காலையும் மாலையும் 200 மீட்டரில் தொடங்கி, இரண்டாம் வார முடிவில் வேளைக்கு 1 கிலோ மீட்டர். எங்கள் பக்கம் கொறங்காடு இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. கொழுக்கட்டைப் புல் தரை மெத்தை மாதிரி.

மூன்றாம் வாரம்: சோடியோடு நுகத்தடி மட்டும் பூட்டி, இழுவை எதுவும் இல்லாமல் 1 முதல் 2 கிலோ மீட்டர். இது காலுக்கு மட்டுமில்லை, கழுத்துக்கும். அவிழ்த்ததும் கழுத்தைத் தடவிப் பாருங்க, சூடோ வீக்கமோ இருந்தால் ஒரு நாள் விடுங்க.

நாலாம் வாரம்: 20, 30 கிலோ கட்டை ஒன்றைச் சமதரையில் இழுக்க விடுங்க, அரை மணி நேரம்.

ஐந்து, ஆறாம் வாரம்: மண் பாதையில் வெறும் டயர் வண்டி. இல்லாவிட்டால் மேலாக ஊடுழவு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

ஏழு, எட்டாம் வாரம்: ஏற்கெனவே உழுது இளகிய, ஈரப்பதம் உள்ள நிலத்தில் உழவு. 1 மணி நேரம், அதாவது 10 சென்ட். பிறகு 20 சென்ட்.

ஒன்பது, பத்தாம் வாரம்: முழு வேளை. காய்ந்த கட்டிக்காட்டில் முதல் உழவும், குளம்பை ஊறவைத்து உறிஞ்சும் சேற்று உழவும், தார் ரோட்டில் பாரமும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

இதில் இரண்டு விதியை மறக்க வேண்டாம். தூரம், பாரம், தரை மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும். இரண்டாவது, தீர்ப்புச் சொல்வது வேலை முடிந்த நேரம் இல்லை, மறுநாள் காலை கட்டுத்தரையிலிருந்து வைக்கும் முதல் பத்து அடி. அந்தப் பத்து அடியில் தயக்கம் தெரிந்தால் ஒரு படி இறங்கி மூன்று நாள் நில்லுங்க. திரும்ப ஏறலாம்.

நுகத்தடியிலும் ஒரு உபாயம் இருக்கிறது. ஏர்க்காலைச் சரி நடுவில் கட்டினால் இரண்டு எருதும் சரிபாதி இழுக்கும். இரண்டு கழுத்துக்கும் நடுவே 48 அங்குலம் என்று வையுங்க. கட்டை 2 அங்குலம் பலமான எருது பக்கம் தள்ளினால் அது நூற்றுக்கு 54 பங்கும், மீண்டு வரும் எருது 46 பங்கும் இழுக்கும். பழகாத கன்றைப் பெரிய எருதோடு பூட்டும்போது நம்ம பெரியவர்கள் செய்ததுதான். ஆனால் அதிகம் தள்ளி நல்ல எருதையும் கெடுத்துவிடக் கூடாது.

தீவனத்திலும் ஒரு எச்சரிக்கை. "ஓய்வில் இருக்கு, நல்லாத் தேறட்டும்" என்று கம்பஞ்சோறும் அரிசியும் வாளி வாளியாக வைப்பார்கள். திடீரென்று மாவுச்சத்து அதிகமானால் வயிறு புளித்து, அதன் விளைவாகக் குளம்புக்குள் வீக்கமும் வரும். ஒரு காலுக்கு மருந்து போட்டு நாலு காலையும் கெடுத்த கதையாகிவிடும். சோளத்தட்டு, பச்சைப்புல், அளவான புண்ணாக்கு போதும். அடர்தீவனத்தை வேலை கூடக் கூடத்தான் கூட்ட வேண்டும்.

"பருவம் காத்திருக்குமா?"

இதுதான் எதிர்க்கேள்வி, நியாயமான கேள்வி. ஆடியில் மழை விழுந்தால் நிலம் பத்து வாரம் காத்திருக்காது. என் பதில்: காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு பருவத்துக்கு வாடகை ஏரோ, கிடைக்காவிட்டால் டிராக்டரோ ஓட்டிக்கொள்ளுங்க. இயற்கை விவசாயி டிராக்டர் வைத்தால் தீட்டு என்று சிலர் பேசுவார்கள். ஆறாத குளம்போடு ஒரு உயிரை இழுக்கச் சொல்வதைவிட அது பெரிய குற்றம் இல்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ம் பிரிவில், நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது குற்றம்.

"கட்டுப்படி ஆகுமா?" என்பது அடுத்தது. விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க ஊர் எண்ணை வைத்துப் போட்டுக்கொள்ளுங்க. உதாரணத்துக்கு, ஓய்வெடுக்கும் எருதுக்கு நாளுக்கு 150 ரூபாய் தீவனம் என்றால் 70 நாளுக்கு 10,500. இரண்டு ஏக்கர் உழவு வாடகை 6,000 என்று வைத்தால் மொத்தம் 16,500. இன்னொரு பக்கம், நொண்டி எருது கறி விலைக்கு 25,000 போகிறது, அதற்கு ஈடான எருது 55,000 என்றால் கைவிட்டுப் போவது 30,000. அதோடு முடியாது. சோடி என்பது இரண்டு மாடு மட்டும் இல்லை, இரண்டின் பழக்கம். ஒன்றை விற்றால் மிச்சம் நிற்பது சோடி இழந்த எருது. புதியது அதோடு அடி ஒத்து நடக்க எத்தனை மாதமோ. இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை, ஆனால் காட்டில் தெரியும். 70 நாளில் அந்த எருது ஓய்விலும் போட்ட சாணத்தை நான் வரவில் சேர்க்கவே இல்லை.

எல்லா எருதும் திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூட்டுக்குள் சீழ் இறங்கியது, எலும்பு முறிந்தது, திரும்பத் திரும்ப அதே கால் போவது, இவற்றில் சில ஏர் பூட்ட உதவாது. அதை மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் உழாத எருது உதவாத எருது இல்லை. ஏக்கருக்கு ஜீவாமிர்தம் தயாரிக்கத் தேவை 10 கிலோ சாணமும் 5 முதல் 10 லிட்டர் கோமியமும். ஒரு எருதின் ஏறக்குறைய ஒரு நாள் வரவு அது. வேலை செய்த காலத்துக்காக மாதா மாதம் ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்றவன், எருதுக்கு மட்டும் அது கூடாது என்று எப்படிச் சொல்வது?

இயக்கம் செய்ய வேண்டியது

பத்து வாரத்தை ஒவ்வொரு விவசாயியும் தனியாகச் சுமக்கச் சொன்னால் சிறு விவசாயியால் முடியாது. அதனால்தான் விற்கிறார். அவர் கல் மனசுக்காரர் என்பதால் இல்லை. மாட்டுக் காப்பீடு இறப்புக்கும், கூடுதல் பிரீமியம் கட்டினால் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் தருகிறது. தற்காலிக ஓய்வுக்கு யாரும் தருவதில்லை. அந்த ஓட்டையை நாம்தான் அடைக்க வேண்டும். என் யோசனைகள் மூன்று.

ஒன்று, கிளைக்கு ஒரு ஓய்வு நிதி. ஏர் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மருத்துவர் சான்று கொடுத்த எருதுக்குத் தீவனச் செலவைப் பத்து வாரம் கொடுப்பது. கணக்கு எழுத ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம்.

இரண்டு, மாற்று ஏர். ஒருவர் எருது ஓய்வில் இருக்கும் பருவத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் உழுது கொடுப்பது, பிறகு இவர் அவருக்கு உழுது கொடுப்பது. பணம் கைமாற வேண்டியதில்லை. ஊருக்குப் புதிதும் இல்லை, நாம் விட்டுவிட்ட பழக்கம்தான்.

மூன்று, லாடக்காரர்கள். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, காலுக்கு இரண்டு லாடம், ஒரு எருதுக்கு எட்டு, சோடிக்குப் பதினாறு. ஒவ்வொன்றிலும் ஆணி எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று தெரிந்த கைகள் வட்டாரத்துக்கு ஒன்றிரண்டுதான் மிச்சம். அவர்களை நம்ம கூட்ட மேடையில் உட்கார வையுங்க. ஒவ்வொருவரிடமும் இரண்டு இளைஞர்களைப் பழகவிட்டு, பழகும் காலத்துக்கு உதவித்தொகை கொடுப்போம். விதைத் திருவிழா நடத்துகிறோம். அதில் ஒரு மூலையில் குளம்பு பார்க்கும் முகாம் நடத்தினால் என்ன?

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் உள்ள நாட்டு மாடுகள் 2012-ஐவிட 6 சதம் குறைந்திருந்தன. இன அழிவு என்று மேடையில் பேசுகிறோம். காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிகுளம் என்று படம் போட்டுக் காலண்டர் அடிக்கிறோம். வேலை இருந்தால்தான் எருது இருக்கும், எருதுக்கு மதிப்பு இருந்தால்தான் நாட்டுக் காளைக்கன்று பிழைக்கும். அந்த மதிப்பைக் காப்பாற்றும் இடம் குளம்பு. ஒரு காளைக்கன்றை ஏருக்குப் பழக்க இரண்டு மூன்று வருஷம் பாடுபடுகிறோம். பத்து வாரம் பொறுமை இல்லாமல் அந்தப் பாட்டைச் சந்தையில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

உங்க கட்டுத்தரையில் இப்போது ஒரு எருது காலைத் தாங்கிக்கொண்டு நின்றால், வியாபாரிக்குப் போன் போடும் முன் மருத்துவருக்குப் போடுங்க. நாளைக்கு நன்றாக நடந்தால், ஏர்க்காலைத் தேடும் முன் நோட்டில் தேதியைக் குறித்து, 200 மீட்டர் நடத்திவிட்டு வாங்க.